வாடியது என்று எழுதினேன்

தாராவியில் போர்டு வெட்டும் கடை ஒன்றில் எழுத்து போடுவது என் வேலை. டாக்டர் பெயர்ப்பலகை, ‘செருப்பை வெளியே விடவும்’, சொசைட்டி அறிவிப்பு என்று எது வந்தாலும் கம்ப்யூட்டரில் எழுத்தை அடுக்கிக் கொடுப்பேன். பக்கத்து மேஜையில் லேசர் மெஷின் ஓட்டும் பாய் அதை அக்ரிலிக்கில் வெட்டி எடுப்பார். நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன், முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில். இங்கிலீஷை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடிப்பேனே தவிர, அர்த்தம் தேடிப் போகிற பழக்கம் கிடையாது. தப்பில்லாமல் அடித்தால் போதும், முருகன் விட்ட வழி என்று இருப்பவன்.

ஒரு மழைக்காலத்தில் மாட்டுங்காவிலிருந்து ஆர்டர் வந்தது. அங்கே ஒரு சின்னத் தோட்டம். காலையில் நடக்க வருகிறவர்கள் சேர்ந்து, செடிகளுக்குப் பக்கத்தில் போர்டு வைக்க நினைத்தார்கள். இலை எப்படி இருக்கிறது, பூ எப்படி நிற்கிறது என்பதற்கெல்லாம் தாவரவியலில் தனித்தனி வார்த்தை உண்டாம். நேராக நிற்பதற்கு ஒன்று, தரையில் படர்வதற்கு ஒன்று, தொங்குவதற்கு ஒன்று. இங்கிலீஷ், மராத்தி, தமிழ் மூன்றிலும் வேண்டும் என்றார்கள். பட்டியல் எழுதிக் கொடுத்தவர் காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். தமிழ் வரிசையில் இரண்டு இடம் காலியாக இருந்தது. போன் போட்டுக் கேட்டேன்.

“நீங்க தமிழ்தானே? நல்லதா ஒரு வார்த்தை நீங்களே போடுங்கோ. எனக்கு வாய்ல இங்கிலீஷ்தான் வரது” என்றார்.

காலியாக இருந்ததில் ஒன்று ‘செர்னுவஸ்’ என்ற வார்த்தைக்கு. பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘ட்ரூப்பிங்’ என்று இருந்தது. பாயிடம் கேட்டேன். அவர் போனில் தட்டிப் பார்த்து, “முர்ஜாயா ஹுவா” என்று இந்தியில் சொன்னார். எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று கழுத்தை ஒரு பக்கம் தொங்கப்போட்டு, கண்ணைச் செருகி, நாக்கை லேசாக வெளியே விட்டு நடித்தும் காட்டினார்.

‘வாடியது’ என்று அடித்தேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஐந்து மாதமாக தினமும் என் வாயில் இருந்த வார்த்தை அது.

என் மனைவியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ரோடு அகலமாக்க வேண்டும் என்று தாராவியில் எங்கள் வீட்டை இடித்தபோது, செம்பூர்ப் பக்கம் ஒரு கட்டடத்தில் ஏழாவது மாடியில் ரூம் கொடுத்தார்கள். சாமான்களை லிஃப்ட்டில்தான் ஏற்றினோம். சில மாதம் கழித்து அந்த லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் போய் நின்றது. அதோடு சரி. மெஷினுக்கு ஒரு ஸ்பேர் பார்ட் வரவேண்டும், வந்தால் ஓடும் என்றார் வாட்ச்மேன். எப்போது கேட்டாலும் “கல் ஆயேகா” என்பார். நாளைக்கு வரும். அந்த நாளை வரவே இல்லை.

அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருந்தன. லிஃப்ட் நின்ற முதல் வாரம், கோயிலுக்குப் போக வேண்டும் என்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தாள். ஆறாவது மாடித் திருப்பத்தில் கால் பூட்டிக்கொண்டது. கீழே பள்ளமாகப் போகிற படிகளைப் பார்த்தபடி நின்றாள். தலை சுற்றுகிறது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். திரும்ப மேலே கொண்டுவர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவள் வாசலைத் தாண்டவில்லை.

எங்கள் ரூமுக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், அதில் இறங்குகிற குழாய்கள், குழாய்க்கு நடுவே உட்கார்ந்திருக்கும் புறா. வானம் வேண்டுமென்றால் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி மேலே பார்க்க வேண்டும். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். மதியம் எதிர் வீட்டு டிவி சத்தம் வரும். வேறு எதுவும் அங்கே வராது. நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் கட்டில் விளிம்பில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் வரும்போதும் அதே இடம், அதே குனிவு. செருப்பு மாட்டுவதே எனக்கு ஏதோ குற்றம் செய்வது மாதிரி இருக்கும். சத்தம் கேட்காமல் மாட்டப் பழகினேன்.

“என்ன காய் வாங்கட்டும்?” என்றால், முன்பெல்லாம் கத்தரிக்காய் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்பதுவரை சொல்லுவாள். பிறகு, “எதையாவது வாங்கிட்டு வாங்க” என்று ஆனது.

காட்கோபரில் கட்டிக்கொடுத்த மகள் தினமும் போன் பண்ணுவாள். நான் வாசலுக்கு வெளியே வந்து, “அம்மா வாடிட்டா தாயி. ஒடுங்கிப் போயிட்டா” என்பேன். அக்கம்பக்கம் விசாரித்தவர்களிடமும் அதையே சொன்னேன். செவ்வாய்க்கிழமை தாராவி கோயிலில் அம்மன் முன்னாலும் அதையே சொன்னேன். அங்கே அதோடு நிறுத்தவும் இல்லை. ‘தாயே, இப்படி வாட விடாதே. ஒண்ணு அவளை எறக்கி விடு, இல்லேன்னா கஷ்டப்படுத்தாம நீயே கூட்டிக்கோ’ என்று வேண்டிக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் வேண்டியது வேண்டியதுதான்.

மகளும் மருமகனும் ஒரு முடிவு செய்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மருமகன் நான்கு ஆட்களோடும் ஒரு நாற்காலியோடும் வருவார். அவளை நாற்காலியில் உட்கார வைத்துக் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அப்படியே காட்கோபர். அங்கே அவர்கள் வீடு முதல் மாடி. இனி அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான்.

அவளிடம் சொன்னேன். குனிந்த தலை நிமிரவில்லை.

“நாலு பேரு சேந்து தூக்கிட்டுப் போறதுக்குன்னு ஒரு நாள் இருக்கு. அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் ஒருத்தனும் என்னத் தூக்கப்பிடாது.”

“அப்ப இங்கனயே கெடக்கப் போறியா?”

“கெடக்கேன். உங்களுக்கு என்ன பாரம்?”

இதற்கு மேல் அவளிடமும் பேச முடியவில்லை, மகளிடம் வர வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. அந்த வாரம் முழுவதும், லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவன் நான்தான் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை, வெட்டி முடித்த போர்டுகளை நானே மாட்டுங்காவுக்குக் கொண்டுபோனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. டீச்சர் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு போர்டாக மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் படித்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். ஒரு போர்டில் நின்றுவிட்டார்.

“இது யாரு போட்டது?”

“நாந்தான் டீச்சர்.”

“வாடியதா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “வாங்கோ, இப்படி வாங்கோ” என்று வேலி ஓரத்துக்குக் கூட்டிப்போனார்.

அங்கே செம்பருத்தி வகையில் ஒரு செடி நின்றது. சிவப்புப் பூ. மொட்டு மாதிரியே சுருண்டு, முழுசாக விரியாமல், எல்லாப் பூவும் முகத்தைத் தரைப்பக்கம் வைத்திருந்தன. மிளகாய் தொங்குவது போல இருக்கும். இந்தச் செடியை நானும் எத்தனையோ காம்பவுண்டுகளில் பார்த்திருக்கிறேன்.

“ஒரு பூவை விரலால தூக்கிப் பாருங்கோ.”

தூக்கினேன். முகம் மேலே வந்தது.

“விடுங்கோ இப்போ.”

விட்டதும், அது ஒரு சின்னத் துள்ளலோடு பழைய இடத்துக்கே திரும்பி, மறுபடி தரையைப் பார்த்தது.

“வாடின பூவா இருந்தா இப்படித் திரும்புமா? விரல்லயே துவண்டு சரிஞ்சுடும். இந்தக் காம்பைத் தொட்டுப் பாருங்கோ, எவ்வளவு கெட்டி! கழுத்துல மட்டும் வளைச்சிண்டு கீழ பார்த்துண்டிருக்கு. உசிரோட, தெம்போட இருக்கறதுக்கு நீங்க சாவுச் சீட்டு எழுதிட்டேளே!”

மழைத்தண்ணீர் என் சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

தப்பு செய்த பிள்ளையிடம் கோபம் போனபின் பேசுவது போல டீச்சர் பேசினார். செர்னுவஸ் என்பது லத்தீன் வார்த்தையாம். முகத்தை மண் பக்கம் வைத்திருக்கிறவன் என்று அர்த்தமாம். தலையைக் குறிக்கிற ஒரு பழைய வேரிலிருந்து வந்திருக்கலாம் என்று படித்தவர்கள் சொல்கிறார்களாம்.

“வேடிக்கை கேளுங்கோ. அந்தக் காலத்துல தலைகீழா குட்டிக்கரணம் அடிச்சுக் காட்டறவனுக்கும் இதே பேருதான். வாடறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது.”

“ஆனா எதுக்கு டீச்சர் கீழ பாக்கணும்? எல்லாப் பூவும் மேலதான பாக்கும்?”

அவர் குடையை ஒருமுறை உதறினார். “பம்பாய் மழையில வாயைத் திறந்துண்டு ஆகாசத்தைப் பார்த்துண்டு நின்னா என்ன ஆகும்? உள்ள தண்ணி ரொம்பிடும், மகரந்தம் நனைஞ்சு போயிடும். இப்படிக் குனிஞ்சிருந்தா அதோட முதுகே அதுக்குக் குடை.”

எனக்கு உடனே ஒன்று தோன்றியது. “அப்ப ‘கும்பிட்டு நிற்பது’ன்னு போட்டுறட்டுமா?”

“நன்னாருக்கு போங்கோ! அதுக்கு பக்தியும் கெடையாது, வெக்கமும் கெடையாது. நம்ம மனசுல இருக்கறதையெல்லாம் பூ தலையில கட்டாதேள். இருக்கறதை எழுதுங்கோ.”

‘தலை கவிழ்ந்தது’ என்றேன். அவமானப்பட்டது மாதிரி இருக்கிறது என்றார். ‘தொங்குவது’ என்றேன். அது வேறு வார்த்தைக்கு ஏற்கெனவே போட்டாயிற்று. கடைசியில் ‘மண் நோக்கியது’ என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். திங்கட்கிழமை மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று அந்தப் போர்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது, “ஒரு கொப்பு கிடைக்குமா டீச்சர்? வீட்ல ஒருத்தருக்குக் காட்டணும்” என்று கேட்டேன். யாரென்று அவர் கேட்கவில்லை. பார்த்து ஒன்றை ஒடித்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் அந்தக் கொப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் பூ ஆடியது, ஆனால் துவளவில்லை. அம்மன் முன்னால் நான் சொன்னது ஞாபகம் வந்தது. போர்டில் தப்பாக எழுதினால் திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம். அங்கே சொன்னதை எப்படி மாற்றுவது? கண்ணை மூடி, “அது தெரியாம சொன்னது தாயே, அழிச்சுரு” என்று முணுமுணுத்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

ஏழு மாடி ஏறி உள்ளே போனதும், அவள் மடியில் கொப்பை வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். போர்டையும் காட்டினேன். அவள் நான் சொல்லாமலே பூவை விரலால் தூக்கி விட்டாள். திரும்பியது. இன்னொரு முறை தூக்கி விட்டாள்.

“இதையா வாடிட்டுன்னு எழுதுனிய?”

“ஆமா.”

“எழுதுவிய. என்னையும் அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிட்டு அலையுதிய. போனைத் தூக்கிட்டு வெளிய போனா எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. கால்தான் போயிருக்கு, காது போகலை.”

நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்தேன்.

“நில்லுங்க. கோயில்லயும் அதான் சொன்னியளா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “சொன்னேன்.”

“சொல்லி?”

“எறக்கி விடுன்னு கேட்டேன்.”

“இல்லேன்னா?”

முப்பது வருஷம் கூட இருந்தவளிடம் எதை மறைப்பது? தலை குனிந்து நின்றேன்.

“கூட்டிக்கோன்னு கேட்டிருப்பிய” என்றாள். “ஏங்க, எனக்குப் பொறவு உங்களுக்கு யாரு சோறு பொங்குவா? அதையும் சேத்து அம்மன்ட்ட கேட்டுட்டு வந்திருக்க வேண்டியதான?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதைப் பார்க்காதது போலப் பூவைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று, “குட்டிக்கரணம் அடிக்கவனுக்கும் இதே பேரா?” என்றாள். ஆமாம் என்றேன். சிரித்தாள். வயிறு குலுங்குகிற சிரிப்பு. கட்டில் கிறீச்சிட்டது. அந்த ரூமில் அவள் சிரிப்பைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. ஆனாலும் எனக்கு மறுநாள் காலை மேலேயே நினைப்பு. மருமகன் வருவார், இவள் சம்மதிக்க மாட்டாள், வாசலில் வைத்து எல்லோரும் கத்துவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் விழித்தபோது அவள் குளித்து, தலை சீவி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தாள். சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தாள். மணி எட்டுகூட ஆகவில்லை.

“கதவைப் பூட்டுங்க” என்றாள்.

“எங்க போறே?”

“பூட்டுங்கன்னா பூட்டுங்க.”

சுவரைப் பிடித்துப் படிக்கட்டு வரை நடந்தாள். அங்கே நின்று கீழே ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவள் படிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். குனிந்து, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றி, ஒரு காலைப் பின்னால் விட்டுத் துழாவிக் கீழ்ப்படியில் வைத்தாள். மற்றக் காலையும் கொண்டுவந்து சேர்த்தாள்.

“என்ன முழிக்கிய? கீழ போயி நில்லுங்க. ஏணியில எறங்கத் தெரியாதவளா நான்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாராவியில் நாங்கள் மேல் அறையில்தான் இருபது வருஷம் இருந்தோம். வெளியே சுவரோடு ஒட்டிய செங்குத்தான இரும்பு ஏணி. அங்கே யாரும் தெருவைப் பார்த்து இறங்க மாட்டார்கள். எல்லோரும் ஏணிக்கு முகம் கொடுத்து, குனிந்து, கால் வைக்கிற படியைப் பார்த்துத்தான் இறங்குவோம். மழையில், இடுப்பில் மகளோடு, ஒரு கையில் வாளியோடு அவள் இறங்கியிருக்கிறாள். ஒருநாளும் தலை சுற்றியதில்லை. புதுக் கட்டடத்தில் படிக்கட்டு அகலமாக இருந்ததால், நாமும் பில்டிங்காரர்கள் ஆகிவிட்டோம் என்று முன்னால் பார்த்து இறங்கப் போயிருக்கிறோம். அங்கேதான் கால் பூட்டியது.

நான் அவளுக்கு இரண்டு படி கீழே கையை விரித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு படிக்கும் “முருகா, முருகா” என்றேன்.

“அவனைக் கூப்பிட்டது போதும். என் கால் எங்கன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

“இன்னும் கொஞ்சம் எடப்பக்கம். ஆங். வை.”

ஒவ்வொரு மாடிக்கும் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான்காவது மாடியில் கதவு திறந்தது. தென்காசிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டம்மா கையில் பால் பாத்திரத்தோடு நின்று, மேல்படிகளைப் பார்த்துக் குனிந்திருந்த என் மனைவியைக் கண்டு குழம்பிவிட்டாள்.

“என்ன மதினி, இப்பத்தான் மேல ஏறுதியளா? எப்பப் போனிய?”

“எறங்குதேன்ட்டி!”

“மூஞ்சி அங்கன இருக்கு, எறங்குதேங்கிய?”

“மூஞ்சி எங்கன இருந்தா உனக்கென்ன? கால் எங்கன போகுதுன்னு பாரு.”

அந்த அம்மா பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளும் எங்களோடு இரண்டு மாடி கூடவே வந்தாள், என் மனைவியின் சேலை தடுக்காமல் முனையைப் பிடித்துக்கொண்டு. மூன்றாவது மாடிக்கு மேலே நின்றுபோன லிஃப்ட்டை மூவரும் கடந்தோம்.

கீழே வந்து சேரும்போது என் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவள் கை இரண்டும் கம்பியின் துருவால் சிவந்திருந்தன. கால் நடுக்கம் நிற்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றவள், செருப்பைக் கழற்றிவிட்டு, மீட்டர் ரூமுக்குப் பக்கத்தில் சேறாகக் கிடந்த மண்ணில் வெறுங்காலை வைத்தாள்.

பத்து மணிக்கு மருமகன் வந்தார். பின்னால் நான்கு ஆட்கள். ஒருவர் தலையில் கைப்பிடி உள்ள மர நாற்காலி, இன்னொருவர் தோளில் கயிறு. அவளைப் பார்த்ததும் மருமகன் அப்படியே நின்றுவிட்டார்.

“அத்தை! எப்படி வந்திய?”

“நடந்து வந்தேன். பொறவு எப்படி? அந்த நாக்காலியை இங்கன போடச் சொல்லுங்க மாப்ள. நின்னு நின்னு கால் வலிக்கி.”

போட்டார்கள். உட்கார்ந்தாள். நாற்காலி தூக்க வந்த நால்வருக்கும் டீ வாங்கி வரச்சொல்லி என்னை அனுப்பினாள். நான் திரும்பி வந்தபோது மருமகன் ஒற்றைக்காலில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அப்படியே டாக்ஸியில் ஏறி காட்கோபர் போய்விடலாம், இனி மேலே ஏற வேண்டியதே இல்லை என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எனக்கும் அது தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

“வாரேன் மாப்ள. வர மாட்டேன்னு சொல்லல. என் காலால எறங்கி, நான் சொல்லுத அன்னைக்கு வாரேன்.”

“ஆனா இன்னைக்கு திரும்ப ஏழு மாடி ஏறணுமே அத்தை.”

அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். வரிசை வரிசையாக ஜன்னல் கம்பிகள், கம்பிகளில் காயாத துணிகள். எங்கள் ஜன்னல் அந்தப் பக்கம் இல்லை. கீழே இருந்து பார்த்தால் எங்கள் ரூம் தெரியவே தெரியாது.

“ஏறணும்தான்” என்றாள். “கொஞ்சம் இருங்க. டீயைக் குடிச்சிக்கிடுதேன்.”